ஈரத்தை எண்ணும் ஒளி

பண்டாரவளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1894ஆம் ஆண்டில். அங்கிருந்து பதுளை நேர்கோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் பதுளை நிலையம் திறக்கப்பட்டது 1924 ஏப்ரல் 5ஆம் திகதி. இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள். பாதை நாலாயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் அடிக்கு இறங்கியாக வேண்டும். அதற்குள் எத்தனையோ பள்ளத்தாக்குகள், குடைந்தெடுக்க வேண்டிய பாறைகள்; போதாக்குறைக்கு முதலாம் உலகப் போர். இன்று உல்லாசப் பயணிகள் படமெடுத்து மகிழும் ஒன்பது வளைவுப் பாலமும், தன் வாலைத் தானே சுற்றி வந்து நிலையத்தின் அடியிலேயே நுழைகின்ற தெமோதரை வளையமும் அந்த இடைவெளியை அடைப்பதற்காகப் பிறந்தவைதாம்.

அதே முப்பது ஆண்டுகளில், உலகின் வேறு மூலைகளில், இயற்பியலாளர் சிலர் இன்னோர் இடைவெளியை இரு முனைகளிலிருந்தும் அடைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதைச் சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும். வானொலி அலைக்கும் வெப்பக் கதிருக்கும் நடுவில் கிடந்த வெற்றிடம் அது. இன்று அதனை டெராஹெர்ட்ஸ் என்கிறார்கள். அந்த வேலையும் கிட்டத்தட்ட 1894இல் கல்கத்தாவில் தொடங்கி, 1924 ஏப்ரலில் ஒரு கட்டத்தை எட்டியது.

இந்தப் புதுக் கதிருக்கும் ஊவாவுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு மின்னஞ்சல். தோட்டத்துக் கொழுந்துத் தராசைப் பற்றி நான் எழுதியிருந்த குறிப்பொன்றைப் படித்துவிட்டு, டொரன்டோவில் வாழும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தாயார் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். மழை நாட்களில் கூடையை நிறுத்தவுடன் ‘ஈரம்’ என்று சொல்லி இரண்டு கிலோ, மூன்று கிலோ கழித்துவிடுவார்களாம். எவ்வளவு ஈரம் என்பதை அளந்தவர் யாருமில்லை. கணக்கப்பிள்ளையின் கண்ணே அளவுகோல். “ஐயா, நிலவுக்கு மனிதன் போனான், இலையில் ஒட்டிய தண்ணீரை அளக்கக் கருவி கிடையாதா?” என்பது அவருடைய கேள்வி.

கேள்வி எளிமையானது, நியாயமானதுங்கூட. மலையகத்தில் பணியாற்றிய பத்திரிகையாளர் எவரும் இந்த முறைப்பாட்டைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இறாத்தலில் நிறுத்த காலத்திலும் இருந்தது, கிலோவுக்கு மாறிய பின்னரும் இருந்தது. நிர்ணயித்த அளவுக்கு மேல் எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு என்றிருக்கும்போது, கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் ஒரு தாயின் கையிலிருந்து போகிற காசு. மழை பெய்யும்போது இலையில் நீர் ஒட்டியிருக்கும் என்பதை எவரும் மறுக்கவில்லை. எவ்வளவு என்பதுதான் வழக்கு. அந்த வழக்கில் ஒரு தரப்பின் கையில் மட்டுமே பேனா இருந்தது.

நீரை அளப்பதில் டெராஹெர்ட்ஸ் கதிருக்கு நிகரான கண்டிப்புக்காரர் குறைவு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி தடவை, அதாவது 1க்குப் பின்னால் 12 பூச்சியங்கள், அதிர்கின்ற அலை ஒரு டெராஹெர்ட்ஸ். (அதிர்வெண் என்று தமிழ்நாட்டார் சொல்வதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் மீடிறன் என்று படித்தோம்.) அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். உலர்ந்த துணி, காகிதம், பிளாத்திக்கு, மரப்பலகை இவற்றினூடே அது தங்குதடையின்றிப் போய்விடும். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். நீரிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது. ஒரு டெராஹெர்ட்ஸ் கதிர் தண்ணீருக்குள் மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு தூரம் செல்வதற்குள் மூன்றில் இரண்டு பங்கு வலுவை இழந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரப்பதன்கூட அதனை அங்கங்கே விழுங்கும். ஆய்வுகூடங்களில் கதிர் செல்லும் பாதையைப் பெட்டிக்குள் அடைத்து உலர்ந்த காற்றையோ நைதரசனையோ நிரப்புவது இதனால்தான். பிற்பகலில் மேகம் சன்னலுக்குள் நுழைகின்ற அப்புத்தளையில் அத்தகைய ஆய்வுகூடம் அமைப்பவர் பெரும் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். கச்சான் வீசும் யூலை முதல் செப்தெம்பர் வரையிலான மாதங்களே அவருக்கு உகந்தவை. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித் தந்த வாசனை விளைவதும் அந்த வறண்ட காற்றிலேதான்.

இனி 1894க்குப் போவோம். கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வந்த ஜகதீஷ் சந்திர போஸ் அவ்வாண்டுதான் தமது ஆய்வைத் தீவிரமாகத் தொடங்கினார். 1885இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குத் தரும் சம்பளம் இந்தியருக்கு இல்லை என்றார்கள். போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார்; பின்னர் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது. கூலி வழக்கொன்றில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தனியாளாக நின்று வென்ற கதை இது. கங்காணிச் சீட்டில் கடன் எழுதப்பட்டு மன்னார்த் துறைவழியே வந்து சேர்ந்த நமது முன்னோருக்கு அந்த வசதி இருக்கவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மின்காந்த அலை இருக்கிறது என்பதை ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1880களின் பிற்பகுதியில் தீப்பொறி கொண்டு நிரூபித்திருந்தார். அவருடைய அலைகள் மீட்டர்க் கணக்கில் நீளமானவை. போஸ் அதனை 5 மில்லிமீட்டர் வரை சுருக்கினார். சின்னஞ்சிறு உலோகக் குண்டுகளின் நடுவே பொறி பறக்க, அது ஒரு குழாய்க்குள் அடைபட்டு, கந்தகத்தாலோ கண்ணாடியாலோ செய்த வில்லையின் வழியே ஒரு கற்றையாக வெளிவரும். மறுபுறத்தில் புனல்போன்ற ஒரு வாய் அதனை வாங்கிக் குவித்து உணர்கருவியில் சேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத கதிரை ஒளியைப் போலவே வளைத்து, முறித்து, குவித்துக் காட்டினார் மனிதர். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியே இல்லாமல் 75 அடி தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

அவர் கையாண்ட பொருள்களைப் பார்த்தால் எனக்கு ஒரு தேயிலைத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது. அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதற்கு முறுக்கிய சணல் நாரை வைத்தார். தளத்தை வடிகட்டப் புகையிரத நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, தாள்களின் நடுவே உலோகத் தகட்டைச் செருகிப் பயன்படுத்தினார். பெரிய கம்பனிகளின் கருவிகளை வாங்க வழியில்லாத ஒரு குடியேற்ற நாட்டு ஆசிரியர் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு செய்த காரியம் இது. 1897 சனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் இதே கருவிகளை வைத்து அவர் உரையாற்றினார். அதன் பிறகு அவர் மெல்ல மெல்லத் தாவரங்களின் பக்கம் திரும்பிவிட்டதை நாம் அறிவோம். அலையைக் குவித்தவர் இலையைக் கவனிக்கப் போனார். அலையும் இலையும் மறுபடி சந்திக்க நூறு ஆண்டுகள் பிடித்தன.

இடைவெளியின் மறுமுனையில், பெர்லினில், ஹைன்ரிக் ரூபென்ஸ் என்பவர் வெப்பக் கதிரின் பக்கமிருந்து முன்னேறிக்கொண்டிருந்தார். படிகங்களின் மேல் கதிரைத் திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கச் செய்தால், நீண்ட அலைகள் மாத்திரம் எஞ்சும். இந்த உத்தியால் அவரும் அமெரிக்கரான ஏர்னெஸ்ட் ஃபொக்ஸ் நிக்கல்ஸும் 1897 அளவில் அகச்சிவப்பின் தொலைக்கரைக்குப் போய்விட்டார்கள். 1900 ஒக்தோபரில் ரூபென்ஸ் தமது அளவீடுகளை நண்பர் மாக்ஸ் பிளாங்கிடம் சொன்னார். பழைய சூத்திரம் அந்த நீண்ட அலைகளிடத்தில் தவறிப் போவதைக் கண்ட பிளாங்க், புதிய சூத்திரம் ஒன்றை எழுதினார். குவாண்டம் இயற்பியல் அங்கேதான் பிறந்தது. அந்த ஆண்டில் நமது தியத்தலாவையில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த போவர் போர்க் கைதிகளுக்காக ஆங்கிலேயர் தகரக் கொட்டகைகளில் ஒரு முகாமை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

1911இல் ரூபென்ஸ் பாதரச விளக்கொன்றிலிருந்து 0.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள கதிரைப் பிரித்தெடுத்தார். வெப்பத்தின் பக்கமிருந்து வந்தவர்கள் ஆற்றின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டார்கள். வானொலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் மொஸ்கோவின் அலெக்சாந்திரா கிளகோலேவா-அர்க்காதியேவா குறிப்பிடத்தக்கவர். எண்ணெயில் பித்தளைத் தூளைக் கலந்து, அந்தக் குழம்பினூடே மின்பொறியைச் செலுத்தினார். ஒவ்வொரு தூளும் ஒரு குட்டி வானொலி நிலையமாயிற்று. நிக்கல்ஸும் அவருடைய சகா டியரும் 1923இல் அமெரிக்காவில் மின்பொறியினாலேயே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அலைகளை உண்டாக்கினார்கள். பாலத்தின் இரு பாதிகளும் தொட்டுக்கொண்டன.

இந்தச் செய்தியை அறிவிக்கும் உரையை 1924 ஏப்ரல் 29ஆம் திகதி வாஷிங்டனில், தேசிய விஞ்ஞானக் கழகத்தின் புதிய கட்டடத்தில், நிக்கல்ஸ் நிகழ்த்திக்கொண்டிருந்தார். அகச்சிவப்பு நிறமாலையையும் மின்னலை நிறமாலையையும் இணைத்தல் என்பதே உரையின் பொருள். பேசிக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். பதுளைக்குப் புகையிரதம் வந்து அப்போது இருபத்துநான்கு நாட்களே ஆகியிருந்தன.

அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் துறையில் பெரிய ஆரவாரமில்லை. அலை இருக்கிறது என்று தெரியும்; வேண்டிய வலுவில் உண்டாக்கவும் முடியவில்லை, உணரவும் முடியவில்லை. வாசல் திறந்தது லேசர் வந்த பிறகுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டேவிட் ஓஸ்டன் ஒரு குறைகடத்தித் துண்டில் இரண்டு மின்வாய்களை வைத்து, அவற்றின் நடுவே மிகக் குறுகிய லேசர்த் துடிப்பை விழச் செய்தார். ஒளி பட்ட கணத்தில் மட்டும் அங்கே மின்னோட்டம் பாயும். பாய்ந்து அடங்கும் அந்தக் கணநேர ஓட்டம் ஒரு டெராஹெர்ட்ஸ் துடிப்பை வீசும். ஹெர்ட்ஸும் போஸும் பொறி பறக்கவிட்ட அதே இடைவெளி, இப்போது ஒளியால் திறந்து மூடப்படுகிறது. 1984இல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே ஹெர்ட்ஸின் பெயரைச் சேர்த்து ஓஸ்டன் குழுவினர் தம் நன்றியைக் காட்டியிருந்தார்கள்.

நான் எழுதத் தொடங்கிய விடயம் இங்கேதான் வருகிறது. 1995இல் அதே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹூ, நஸ் என்ற இருவர் டெராஹெர்ட்ஸ் துடிப்புகளைக் கொண்டு படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். எதைப் படம் பிடித்தார்கள்? ஒன்று, மின்னணுச் சில்லு. மற்றது ஓர் இலை. பறித்த உடனே ஒரு படம். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து இன்னொரு படம். முதலாவதில் நீர் நிறைந்து கிடந்த இலைப்பரப்பு, இரண்டாவதில் உலர்ந்து வெளிறிப் போயிருந்தது. நரம்புகளையொட்டி மட்டும் ஈரம் தங்கியிருந்தது. அந்த விஞ்ஞானிகள் அதனை என்ன பெயரால் அழைத்தார்களோ, நமது தோட்டத்தார் எவரிடமாவது படத்தைக் காட்டினால் ‘கொழுந்து வாட்டுறாங்க’ என்று உடனே சொல்லிவிடுவார்.

தேயிலை வாட்டும் மாடியைப் பார்த்திராதவர்களுக்காக நான்கு வரி. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கும் அதிகம் தண்ணீர். பெட்டியில் அடைக்கும் தேயிலையில் அது மூன்று சதவீதம் அளவே இருக்கும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாவது இதனால்தான். இந்தப் பயணத்தின் முதற்படி வாட்டுதல். பழைய காலத்தில் தொழிற்சாலையின் மேல்மாடிகள் முழுவதிலும் அடுக்கடுக்காகச் சணல் சாக்குத் தட்டுகளைக் கட்டி, கொழுந்தைப் பரப்பி, சன்னல்களைத் திறந்து விடுவார்கள். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பதென்னைத் தொழிற்சாலைக்குப் போனவர்கள் அந்த நீண்ட சன்னல் வரிசையைக் கண்டிருப்பார்கள். பிற்காலத்தில் விசிறி பூட்டிய நீள்தொட்டிகள் வந்தன. எத்தனை மணி நேரம் வாட வேண்டும் என்பதைக் காற்று, குளிர், மழை எல்லாம் தீர்மானிக்கும். வாடியது போதுமா என்று பார்க்கிறவர் டீமேக்கர். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிவிட்டுக் கையைத் திறப்பார். உருண்டை கலையாமல் நின்றால் ஒரு பொருள். மெல்ல விரிந்தால் இன்னொன்று. மூக்கருகே கொண்டுபோவார். அவ்வளவுதான். நான் பார்த்த டீமேக்கர் ஒருவரிடம், எத்தனை சதவீதம் ஈரம் இருக்கும் என்று கேட்டேன். ஓர் எண்ணைச் சொன்னார். நிறுத்து வைத்திருந்த மாதிரிப் பையின் எடைக் குறைவைக் கொண்டு கணக்குப் பார்த்தபோது, அவர் சொன்னதற்கும் கணக்குக்கும் இரண்டு சதவீதமே வித்தியாசம்.

அந்த உள்ளங்கையை நான் மதிக்கிறேன். ஆனால் மாடியில் தவறினால் நட்டம் தொழிற்சாலைக்கு. ஆகவே அங்கே மாதிரிப்பை வைத்து நிறுத்துச் சரிபார்க்கிறார்கள். மலையில் தவறினால் நட்டம் கொழுந்தெடுத்தவளுக்கு. அங்கே சரிபார்க்க எதுவும் இல்லை.

டொரன்டோ வாசகரின் கேள்விக்கு விடை இருக்கிறது. டெராஹெர்ட்ஸ் கதிர் ஒற்றை இலையின் ஈரத்தை, இலையைச் சேதப்படுத்தாமல், துல்லியமாகச் சொல்லும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2009 முதல் காப்பி இலைகளில் இதனைச் செய்து காட்டியிருக்கிறார்கள். (ஊவாவின் மலைகளில் ஒரு காலத்தில் நின்றதும் காப்பிதான், 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதனை அழித்த பிறகே தேயிலை வந்தது.) ஆனால் கொழுந்து நிரம்பிய சாக்கின் முன்னே இந்தக் கதிர் தோற்றுப்போகும். முதலிரண்டு இலைகளின் நீரே அதனைக் குடித்துத் தீர்த்துவிடும். சாக்குக்குள் ஊடுருவ வேண்டுமானால் இன்னும் நீண்ட அலை வேண்டும். போஸின் அலைகளையும் தாண்டி, சென்ரிமீட்டர்க் கணக்கிலுள்ள நுண்ணலை. தானியத்திலும் புகையிலையிலும் ஈரத்தை அளக்கும் நுண்ணலைக் கருவிகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. கொழுந்தின் உள்ளிருக்கும் நீரின் பங்கு ஓரளவு தெரிந்ததே. கருவி காட்டும் எண்ணில் அதற்கு மேலிருப்பது மழைநீர். கிராம் சுத்தமாக வராவிட்டாலும், இரண்டு கிலோவா மூன்று கிலோவா என்ற சண்டையைத் தீர்க்க அது போதும். ஆக, இயற்பியல் தன் கடமையை எப்போதோ செய்துவிட்டது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்குகிறது. தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டமும் தருகிறது. தராசடியில் அந்தக் கருவியை வைக்க வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். சம்பளத் தொகையைப் பற்றி ஆயிரம் பேச்சு நடக்கிற இடத்தில், எடையைப் பற்றியும் ஒரு பேச்சு நடக்கட்டுமே.

விஞ்ஞானிகளோ இப்போது அளப்பதோடு நிற்கவில்லை. டெராஹெர்ட்ஸ் துடிப்பை மிக வலுவானதாக உண்டாக்கி, ஒரு புள்ளியில் குவித்து, பொருளையே ஆட்டிப் பார்க்க விரும்புகிறார்கள். குவிப்பது இலேசான காரியமன்று. எந்த அலையையும் ஏறத்தாழ அதன் அலைநீளத்தைவிடச் சிறிய புள்ளியாக வில்லையாலோ ஆடியாலோ சுருக்க முடியாது. பச்சை ஒளியைவிட ஒரு டெராஹெர்ட்ஸ் அலை 600 மடங்கு நீளம். அப்படியானால் அது குவியும் புள்ளியின் பரப்பு 3,60,000 மடங்கு பெரிது. ஆற்றல் அந்த அளவுக்குப் பரந்து நீர்த்துப்போகும். எனவே பொன் பூசிய பரவளைவு ஆடிகளைக் கொண்டு கற்றையை முதலில் அகல விரித்து, பின்னர் கிட்டத்தில் வைத்துக் குவிக்கிறார்கள். போஸின் கந்தக வில்லைக்குப் பதிலாகப் பொலித்தீன் வகை வில்லைகளும் உண்டு.

வலுவைக் கூட்டுவதற்கும் பல வழிகள். 2000ஆம் ஆண்டில் குக், ஹொக்ஸ்ட்ராசர் என்ற இரு அமெரிக்கர், ஒரு லேசர்த் துடிப்பையும் அதன் இரட்டை மீடிறனையும் ஒன்றுசேரக் காற்றில் குவித்தனர். காற்று அயனாகி, இலத்திரன்கள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, டெராஹெர்ட்ஸ் துடிப்பு பிறந்தது. ஹங்கேரியின் ஹெப்லிங் 2002இல் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. லிதியம் நையோபேற்றுப் படிகத்துக்குள் லேசர் ஒளி முந்திப் பாய்ந்துவிடுகிறது; அது உண்டாக்கும் டெராஹெர்ட்ஸ் அலையோ பின்தங்கிவிடுகிறது. ஒன்றோடொன்று சேராததால் வலு ஏறுவதில்லை. ஹெப்லிங் லேசர்த் துடிப்பின் முகப்பைச் சாய்த்துவிடச் சொன்னார். மலைச்சரிவில் நிரை பிடித்து ஏறும் பெண்கள் ஒரே நேர்வரிசையில் போகாமல், ஒருவர் பின் ஒருவராகச் சாய்வாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சாய்ந்து நகரும் ஒளிமுகப்பில் புதிதாகப் பிறக்கும் ஒவ்வோர் அலையும் முன்பே பிறந்த அலையோடு சரியான வேளையில் சேர்ந்துகொள்கிறது. இத்தகைய முறைகளால் ஒரு சென்ரிமீட்டருக்குப் பத்து இலட்சம் வோல்ற் அளவுள்ள மின்புலத்தை, ஒரு விநாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு எழுப்ப முடிகிறது. வளியில் மின்பொறி பறக்கத் தேவையானதைவிட அது முப்பது மடங்குக்கும் மேல். ஆயினும் பொறி மூளுமுன்னே துடிப்பு முடிந்துவிடுகிறது.

2017இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதுவரை எவரும் பெரிதாக முயலாத ஒன்றைச் செய்தன. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமாரின் குழுவினரும் வெளிநாட்டுச் சகாக்களும் செறிவான லேசர்த் துடிப்பைத் திரவங்களுக்குள் செலுத்தினார்கள். டெராஹெர்ட்ஸை விழுங்கும் திரவத்திலிருந்து டெராஹெர்ட்ஸ் எப்படி வெளிவரும் என்று எவரும் கேட்பர். வந்தது, காற்று முறையில் கிடைப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமாக வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷாங் குழுவினர் வெறும் தண்ணீரிலிருந்தே அக்கதிரைப் பெற்றார்கள். தொட்டியில் நிறுத்தி வைத்த நீர் உதவாது. தான் பெற்ற கதிரைத் தானே குடித்துவிடும். தடையின்றி வழிந்தோடும் மிக மெல்லிய நீர்த்திரை ஒன்றின்மேல் லேசரைக் குவித்தார்கள். ஒவ்வொரு துடிப்பும் தான் விழுந்த இடத்து நீரைக் குலைத்துவிடும். அடுத்த துடிப்பு வருமுன்னர் அந்த இடத்துக்குப் புதிய நீர் வந்து சேர்ந்திருக்கும்.